இசைத்தட்டின் கீழே விரிப்பது எதனை?

பாடசாலை விட்டு மாணவர் கலைந்துபோன ஒரு மாலைவேளையில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் வட்டவடிவான பொட்டலமொன்றைக் கையில் ஏந்தி, பௌதிக ஆய்வுகூடத்தின் வாயிலில் எம்மை எதிர்பார்த்து நின்றான். பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மெல்லிய கம்பளி வட்டம் ஒன்று. நடுவிலே சிறு துளை. மேற்பரப்பிலே பல வர்ணங்களில் அச்சிட்ட ஆந்தையின் முகம்.

"சேர், றெக்கோட்டுக்குக் கீழை இதைப் போட்டால் பாட்டு நல்லாய்க் கேக்குமெண்டு சொல்லினம். உண்மையோ?" என்று கேட்டான்.

பாட்டனார் விட்டுச்சென்ற பழைய இசைத்தட்டு இயந்திரத்தை அவன் அண்மையிலே திருத்தி எடுத்திருந்தான். அதன் சுழல்தட்டின்மேற் கிடந்த இறப்பர் விரிப்பு காலப்போக்கில் இறுகி வெடித்துப் போய்விட்டது. ஆகவே, கைச்செலவுக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து இந்த ஆந்தையை வாங்கியிருக்கின்றான். "இது வழுக்குவதற்கென்றே செய்த விரிப்பு, தம்பி" என்றோம். பையனுடைய முகம் வாடிவிட்டது. "வழுக்கக் கூடாத இடத்திலை போட வழுக்கிறதை ஏன் சேர் விக்கினம்?" என்ற அவனுடைய அடுத்த கேள்விக்கு அன்று நின்ற நிலையில் விடைகூற இயலவில்லை. வீட்டிலே பழைய தட்டுகளையும் இயந்திரத்தையும் தூசுதட்டி எடுத்திருக்கும் குடும்பங்கள் இப்பொழுது பல இருத்தலால், அவ்விடையை இங்கே சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

ஒலிநாடா வந்தபோதும், அதன் பின்னர் இறுவட்டு வந்தபோதும், இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டதென்றே எல்லாரும் எண்ணினர். முடியவில்லை. இன்று கைத்தொலைபேசியிலே உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கக்கூடிய பிள்ளைகளே, கறுப்புத் தட்டொன்றை உறையிலிருந்து மெல்ல எடுத்து வைத்து, ஊசி இறங்கும்வரை காத்திருக்கின்றார்கள். அது நல்ல பழக்கமா வெறும் நாகரிகமா என்ற வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. தட்டை வைப்பதானால் அதன் கீழே ஏதேனும் விரிக்கத்தான் வேண்டும். அது எதுவாக இருத்தல் நன்று என்பதே எமது விசாரணை.

முதலில் அந்த வழுக்கு விரிப்பின் கதையைச் சொல்லி முடித்துவிடுவோம். வானொலி நிலையங்களிலே அறிவிப்பாளர் பேசி முடித்த அதே கணத்திற் பாட்டுத் தொடங்குதல் வேண்டும். நின்றுகிடக்கும் சுழல்தட்டை இயக்கினால் அது உரிய வேகத்தை அடைதற்குச் சிறிது நேரம் செல்லும். அதற்குள் பாட்டின் முதலடி இழுபட்டுவிடும். ஆதலின், சுழல்தட்டைச் சுழலவிட்டு, அதன்மேல் வழுவழுப்பான கம்பளி வட்டமொன்றை இட்டு, இசைத்தட்டை மட்டும் விரலாற் பிடித்துக்கொண்டு நிற்பர். சமயம் வந்ததும் விரலை எடுப்பர். 1970களில் நியூயோர்க் நகரத்தின் பிரொங்ஸ் பகுதியிலே, பார்படோஸ் தீவிற் பிறந்தவரும் தொழில்நுட்பப் பாடசாலையில் மின்னணுவியல் கற்றவருமான இளைஞர் ஒருவர், பின்னாளிற் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்று பெயர்பெற்றவர், இதே சூழ்ச்சியை விருந்து மேடைக்குக் கொண்டுவந்தார். கம்பளித் துணியை வட்டமாக வெட்டிக் கஞ்சியிட்டு விறைக்கச் செய்து, அதன்மேல் தட்டை வைத்துக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, புதியதொரு வாத்தியமாகவே அதனை ஆக்கிவிட்டார். அவருடைய வழிவந்தோருக்கு அவ்விரிப்பு இன்றியமையாதது. வீட்டிலே சாய்மனைக் கதிரையில் இருந்து கேட்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. படம் அழகாயிருக்கின்றதென்று வாங்குவோரே பெரும்பாலோர்.

ஆயினும், வழுக்கு விரிப்பை இட்டால் ஊசியின் இழுவையால் தட்டு வழுக்கி நின்றுவிடும் என்று அஞ்சுவது கணக்குக்கு ஒவ்வாது. இக்காலத்து ஊசி தவாளிப்பை அழுத்தும் அளவு ஏறத்தாழ 2 கிராம் நிறையே. அதனால் எழும் உராய்வு இழுவை அதனிலும் குறைவு. தட்டின் நிறையோ 120 முதல் 180 கிராம் வரை இருக்கும். ஆகவே, தட்டுக்கும் விரிப்புக்கும் இடையிலுள்ள பிடிப்பு ஊசியின் இழுவையைப் போலப் பன்மடங்கு. சுழலும் தட்டின்மேல் தூசு துடைக்கும் தூரிகையை அழுத்தும்பொழுதுதான் தட்டு நின்று, விரிப்பு அடியிலே தேய்ந்துகொண்டு ஓடுகின்றது. எமது பாட்டனார் காலத்துக் கைச்சாவிக் கிராமபோனின் நிலை வேறு. பச்சை நிறக் கம்பளி ஒட்டிய அதன் சுழல்தட்டின்மேல் அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுழலும். உருக்கு ஊசியும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து அதனை அழுத்தும் நிறையோ நூறு கிராமையும் கடந்து நிற்கும். அங்கே பிடிப்பு என்பது உண்மையாகவே ஒரு பிரச்சினைதான்.

1948ஆம் ஆண்டிலே கொலம்பியா நிறுவனத்தார் 33⅓ சுற்று வேகமுள்ள நெடுநேரத் தட்டை வெளியிட்ட பின்னர்தான் விரிப்பின் பணி மாறியது. தட்டு அரக்கினின்றும் வைனைலுக்கு மாறியது, தவாளிப்பு நுண்ணியதாயிற்று, ஊசியும் இலேசாயிற்று. எவ்வளவு நுண்ணியது என்பதை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்திலே ஊசி ஏறக்குறைய 667 சுற்றுச் சுற்றுகின்றது. அச்சுருளை நீட்டி வைத்தால் 430 மீற்றர் வரை வரும். வெளி விளிம்பில் ஊசியின் கீழே தவாளிப்பு செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. உள்ளே, பெயர்த்தாளை அண்மிய இடத்தில், 21 சென்ரிமீற்றருக்குக் குறைந்துவிடுகின்றது. அவ்விடத்திலே 10,000 மீடிறனுடைய ஓர் ஒலியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு இதனிலும் பெரிது. இத்துணை நுண்ணிய நெளிவை வாசிக்கும் ஊசி, மோட்டாரின் உறுமலையும், மேசையின் நடுக்கத்தையும், சுழல்தட்டின் கணீரொலியையும் சேர்த்தே வாசித்துவிடுதல் இயல்பு.

சுழல்தட்டின் கணீரொலி என்றோமே, அதனைக் கேட்க விரும்புவோர் தமது இயந்திரத்தின் அலுமினியச் சுழல்தட்டைக் கழற்றி, நடுத்துளையில் விரலிட்டுத் தொங்கவிட்டு, பென்சிலால் விளிம்பிலே தட்டிப் பார்க்கலாம். கோயில் மணிபோல ஒலிக்கும். விரிப்பை அதன்மேல் அழுத்திப் பிடித்து மறுபடியும் தட்டினால், "டொக்" என்று அடங்கிவிடும். விரிப்பின் முதலாவது பணி இதுதான். இரண்டாவது பணி, ஊசி தவாளிப்பிலே உராய்ந்து ஓடும்போது வைனைல் தட்டிலேயே எழும் மெல்லிய அதிர்வை என்ன செய்வது என்பது. இங்கேதான் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். இறப்பர், தக்கை, கம்பளி முதலிய மென்பொருள்கள் அவ்வதிர்வை உறிஞ்சித் தணித்துவிடும் என்பர் ஒரு சாரார். வைனைலையொத்த வன்மையுடைய அக்கிரிலிக்குத் தகட்டை விரித்தால், அதிர்வு தட்டினின்றும் கீழே இறங்கிப் போய்விடும். தணிக்க முயல்வது இசையின் உயிரையும் சேர்த்துத் தணித்துவிடும் என்பர் மறு சாரார். இயந்திரம் செய்வோரும் ஒருவழிப்பட்டவரல்லர். யப்பானிலே 1972ஆம் ஆண்டு வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இயந்திரத்தை ஆக்கியோர் இறப்பர் விரிப்பையே இட்டனர். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் றேகா நிறுவனத்தார் கண்ணாடிச் சுழல்தட்டும் மெல்லிய கம்பளி விரிப்பும் போதுமென்றனர். இரண்டும் இன்றுவரை மதிப்போடு வாழ்கின்றன. ஒன்று சரியெனின் மற்றையது பிழையாகவேண்டும் என்னும் விதி இங்கே செல்லாது. விரிப்பு அதன் சுழல்தட்டோடு சேர்ந்தே இயங்குவது என்பதுதான் காரணம்.

இவ்விரு கட்சியாரும் பேசாது விடுகின்ற ஒரு செய்தி உண்டு. விரிப்பு தொடுவது நாம் கேட்கும் பக்கத்தையன்று; அடுத்துக் கேட்கப்போகும் பக்கத்தை! ஊசி மேற்பக்கத்திலே பாடிக்கொண்டிருக்கும் இருபது நிமிடமும், கீழ்ப்பக்கத்தின் தவாளிப்புகள் விரிப்பின்மேற் படுத்துக் கிடக்கின்றன. அங்கே ஒரு மணற்பரல் கிடந்தால் அது அப்பக்கத்திலே பதிகின்றது. தட்டுச் செய்தோர் இதனை அறியாதவரல்லர். தட்டின் வெளி விளிம்பையும் நடுவேயுள்ள பெயர்த்தாட் பகுதியையும் சற்றே உயர்த்தி, இடைப்பட்ட தவாளிப்புப் பரப்பைத் தாழ்த்தி வார்க்கும் முறை 1950களிலே பரவியது. பல தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் தானாகவே விழச்செய்யும் இயந்திரங்கள் அக்காலத்து வீடுகளிலே மிகுந்திருந்தன. விழுந்த தட்டுகள் ஒன்றையொன்று உராயாதிருத்தற்கு அம்முறை உதவிற்று. எனினும், மென்மையான தூசும் தடித்த விரிப்பும் சேர்ந்தால் அத்தாழ்வு போதிய காவலாகாது.

யாழ்ப்பாணத்திலே எமது இளமைக்காலத்து வீட்டில் சோழகக் காற்று எழும் மாதங்களில் செம்மண் தூசு புகாத இடமில்லை. இசைத்தட்டு இயந்திரத்தை மூடியிருந்த கண்ணாடி மூடியின் உள்ளேயும் அது செந்நிறப் பொடியாகப் படிந்திருக்கும். தட்டை வைக்குமுன்னர் இறப்பர் விரிப்பை ஈரத் துணியால் துடைப்பது எமது தந்தையாரின் நியமம். விரிப்பின் வரிகளுக்கிடையே விரல்நகத்தை ஓட்டிப் பார்த்த பின்னரே தட்டு உறையினின்றும் வெளிவரும். அக்காலத்தில் அது எமக்கு வீண் சிரத்தையாகத் தோன்றியது.

தந்தையார் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராய் இருந்த நாட்களிற் சேர்த்தவை அத்தட்டுகள். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில், வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எமது குடும்பமும் நடந்தது. இயந்திரத்தைச் சுமக்க வழியில்லை. பதினொரு தட்டுகளை அம்மாவின் பழைய சேலையொன்றிலே சுற்றி, சைக்கிளின் பின்னிருக்கையிற் கட்டினார் தந்தையார். நாவற்குழிப் பாலத்திலே சனநெரிசலில் அந்தச் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளிச்சென்றது எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. அப்பொழுது எமக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு திரும்பிச் சென்றபோது வீடு நின்றது, இயந்திரம் இல்லை. தட்டுகள் பதினொன்றும் அலுமாரியின் மேற்றட்டிலே இருந்தன. தந்தையார் 2004ஆம் ஆண்டிற் காலமானார். அத்தட்டுகளை அவர் மறுபடியும் கேட்டாரில்லை.

கொழும்புக்கு மாற்றலாகி வந்து, 2012ஆம் ஆண்டிலே பழம்பொருட் கடையொன்றில் ஓர் இயந்திரத்தை வாங்கினோம். அதில் விரிப்பு இல்லை. கிடைத்த கம்பளி விரிப்பொன்றை, விலை மலிவென்று வாங்கி இட்டோம். முதலில் வைத்தது எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963ஆம் ஆண்டு வெளிவந்த வெங்கடேச சுப்ரபாதத் தட்டு. தந்தையார் உயிரோடிருந்த காலத்தில் எமது வீட்டின் விடியற்காலை அது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, ஒரு பக்கம் முழுவதையும் பேசாமற் கேட்டார்.

பக்கம் முடிந்தது. ஊசிக்கையைத் தூக்கினோம், ஆனால் அதனைத் தாங்கியிற் கொளுவாமல் விட்டோம். மறுபக்கத்தைத் திருப்புதற்காகத் தட்டை எடுத்தபோது, கம்பளி விரிப்பும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. பாதி வழியிலே அது உரிந்து தொங்கி, ஊசிக்கையை இடறிற்று. திடுக்கிட்டுக் கையை இழுத்தோம். அலைந்த ஊசி, சாய்ந்திருந்த தட்டின் மேற்பக்கத்தைக் குறுக்கே கீறிவிட்டது. கீறலின் நீளம் நான்கு மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய எட்டுச் சுற்றாக முப்பத்தொரு சுற்று, சுற்றொன்றுக்கு 1.8 செக்கன். ஆக, ஒரு நிமிடத்துக்கு அந்தத் தட்டிலே "டிக், டிக்" என்று கேட்கும். இனி என்றைக்கும் கேட்கும். இக்கணக்கை அன்றிரவே போட்டுப் பார்த்தோம். பௌதிக ஆசிரியரின் துக்கம் அவ்வாறுதான் வெளிப்படும் போலும்.

"பாட்டு நிக்கேல்லைத்தானே தம்பி, விடு" என்றார் அம்மா.

இதன் காரணம் மாணவர் அறிந்ததே. இரு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்று நேரேற்றத்தையும் மற்றையது எதிரேற்றத்தையும் பெறுகின்றது. கம்பளி நேரேற்றத்தை எளிதிற் கொள்வது. வைனைல் எதிரேற்றத்தை எளிதிற் கொள்வது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொள்ளும். காற்றிலே ஈரப்பதன் மிகுந்தால் அவ்வேற்றம் கசிந்து போய்விடும். ஆனால் நாமோ, பூஞ்சணம் பிடியாதிருத்தற்பொருட்டுத் தட்டுகளைக் குளிரூட்டிய அறையிலே வைத்திருந்தோம். பூஞ்சணத்தை விரட்டிய அதே வறண்ட காற்று நிலைமின்னை வரவழைத்துவிட்டது! கம்பளி விரிப்பை இடுவோர், அதன் அடியிலே இருபுறமும் ஒட்டும் நாடாவின் சிறு துண்டுகள் மூன்றை வைத்துச் சுழல்தட்டோடு ஒட்டிவிட்டால் இவ்வாபத்து நீங்கும். அதனினும் முந்தியது, சுழல்தட்டு நின்று, ஊசிக்கை தாங்கியிலே கொளுவிய பின்னரன்றித் தட்டைத் தொடாதிருத்தல்.

அந்நாள் தொட்டுப் பலவகை விரிப்புகளையும் இட்டுப் பார்த்துள்ளோம். இறப்பர் பாரமானது, தட்டை நன்கு பிடிக்கும், சுழல்தட்டின் மணியோசையைச் செவ்வனே அடக்கும். கழுவி உலர்த்தலாம் என்பது எமது தேசத்துத் தூசுக்கு மிகப் பெரிய நன்மை. சவர்க்கார நீரும் மெல்லிய தூரிகையும் போதும். ஆனால் இறப்பர் முதுமையடையும். சில இறுகி வெடிக்கும். சில பிசுபிசுத்து ஒட்டும். அத்தகைய விரிப்பின்மேல் தட்டை நாட்கணக்கில் விட்டுவைத்தல் ஆகாது. தட்டிலே கறை படிதலுண்டு. தக்கை இலேசானது, நிலைமின் தொந்தரவு அதிற் குறைவு, மலிவானதும்கூட. நாளடைவில் ஓரங்கள் பொடிந்து உதிரும். உதிரும் துகள் தட்டிற் படியும். தக்கைப் பொடியையும் இறப்பரையும் கலந்து அழுத்திய வகையொன்று உண்டு. இரண்டின் குணமும் அதிற் கலந்திருத்தலால் உதிர்வது குறைவு. அக்கிரிலிக்கு, கண்ணாடி, உலோகம் ஆகிய வன்பொருள் விரிப்புகள் துடைப்பதற்கு எளியன. ஆயினும் அவற்றின்மேல் ஒரு பரல் கிடந்தால் அது அமிழ்ந்துபோக இடமில்லை, தட்டிலேதான் அமிழும். நாள்தோறும் துடைக்கும் பொறுமையுள்ளோருக்கே அவை உரியன.

தோல் விரிப்பையும் ஒருமுறை வாங்கிவந்தோம். ஒலி திருத்தமாகவே இருந்தது, நிலைமின்னும் இல்லை. ஆனால், "சுப்ரபாதத்துக்குக் கீழை மாட்டுத்தோலோ?" என்று அம்மா ஒரே கேள்வி கேட்டார். அவ்விரிப்பு இப்பொழுது எமது மேசையிலே புத்தகங்களின் அடியிற் கிடக்கின்றது. மிருதங்கத்தின் தோலைப் பற்றி எடுத்துரைத்து வாதாட எமக்குத் துணிவு வரவில்லை.

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு நேர்விடை: விரிப்பை மாற்றினாற் பாட்டு நன்றாகக் கேட்குமா? இதனைச் சொல்லளவில் தீர்க்காமல் ஆய்வுகூடத்திலேயே சோதித்தோம். ஒரு மாணவன் திரைக்குப் பின்னால் நின்று, தான் விரும்பிய ஒழுங்கிலே இறப்பர், தக்கை, கம்பளி ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி இட்டான். ஏனையோர் திரையின் முன்னால் அமர்ந்து, இப்பொழுது ஒலிப்பது எதன்மேல் என்று தாளில் எழுதினர். நாமும் எழுதினோம். மூன்றின் தடிப்பும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கும்படி தெரிந்தெடுத்திருந்தோம். விடைகளை ஒப்புநோக்கியபோது, நாணயத்தைச் சுண்டி எழுதியவற்றைக் காட்டிலும் அவை சிறந்தனவல்ல. எமது விடைத்தாளைப் பிள்ளைகள் மிகுந்த மகிழ்ச்சியோடு திருத்தினார்கள் என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். நல்ல அடக்கமுள்ள, பாரமான சுழல்தட்டு அது. மெல்லிய தகரத் தட்டுடைய மலிவான இயந்திரமாயின் வேறுபாடு தெளிவாய்த் தெரிந்திருக்கலாம்.

ஆனால், தடிப்பு வேறுபட்ட விரிப்புகளை இட்டபோது ஒலி மாறியதை யாவரும் உணர்ந்தனர். இங்கேயே பலர் ஏமாறுகின்றனர். ஊசிக்கையின் நீளம் ஏறக்குறைய 230 மில்லிமீற்றர். விரிப்பு ஒரு மில்லிமீற்றர் உயர்ந்தால், ஊசி தவாளிப்பைச் சந்திக்கும் கோணம் கால் பாகை மாறுகின்றது. நான்கு மில்லிமீற்றர் உயர்ந்தால் ஒரு பாகை. விலையுயர்ந்த புதிய விரிப்பை இட்டு, "அடடா, எத்துணைத் தெளிவு!" என்று வியப்போர் வியப்பது விரிப்பின் பொருளையன்று, பல வேளைகளில் இக்கோணத்தையே. அதே மாற்றத்தை, ஊசிக்கையின் உயரத்தைச் சிறிது திருத்திக் காசு செலவின்றியே பெற்றிருக்கலாம். உயரத்தைத் திருத்தும் வசதியில்லாத இயந்திரமாயின், பழைய விரிப்பின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து, அதே தடிப்பிலே புதியதை வாங்குதல் வேண்டும். ஊசி தட்டின்மேல் இருக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால், ஊசிக்கை தட்டுக்குச் சமாந்தரமாகத் தெரியவேண்டும்.

வேகத்தையும் சோதித்துக்கொள்ளல் நன்று. பாரமான விரிப்பு சில மெலிந்த மோட்டார்களைச் சோர்வுறச் செய்யும். தட்டின் ஓரத்திலே சிறு கடதாசித் துண்டொன்றை அடையாளமாக வைத்து, மூன்று நிமிடத்திலே எத்தனை சுற்று வருகின்றதென்று எண்ணுங்கள். சரியாக நூறு வரவேண்டும். எமது கர்நாடக இசையைக் கேட்போருக்கு இச்சோதனை இன்னும் இன்றியமையாதது. மேலைத்தேய வாத்தியக் கூட்டத்திலே மறைந்துபோகும் சிறு தளம்பலும், இடையறாது நிற்கும் தம்புராச் சுருதியிலே உடனே வெளிப்பட்டுவிடும். ஆனால், தட்டின் துளை மையத்தினின்றும் அரை மில்லிமீற்றர் விலகியிருந்தாலும் அதே தளம்பல் தோன்றும் என்பதை மறவாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி நூற்றுக்கு அரைப் பங்கு ஏறி, அரைப் பங்கு இறங்கும். எவ்விரிப்பாலும் அதனைத் தீர்க்கமுடியாது. வெயிலிலே நெளிந்த தட்டும் அத்தகையதே. தீர்க்கும் என்று விற்போரை நம்பவேண்டாம்.

சிலருடைய சுழல்தட்டு இரும்பாலாயது. பழைய தோரென்ஸ் டி.டி. 124 போன்றவற்றிலே, வலிய காந்தமுள்ள ஊசிப்பெட்டியைச் சுழல்தட்டு கீழ்நோக்கி இழுக்கும். ஊசியின் அழுத்தம் தராசிலே காட்டியதிலும் கூடிவிடும். அங்கே தடித்த விரிப்பே நன்மை தரும். இது எம்மவருள் மிகச் சிலருக்கே நேரும் சங்கடம்.

எனவே அந்த மாணவனுக்கு நாம் ஈற்றிற் கூறியது இதுதான்: "பாட்டுக்காக விரிப்பைத் தேடாதே, தட்டுக்காகத் தேடு. கழுவக்கூடியதாக, உதிராததாக, ஒட்டாததாக, பழையதன் தடிப்புடையதாக இருந்தாற் போதும்." அவனிடம் மேலும் செலவழிக்கக் காசு இல்லாமையால், செய்துகொள்ளும் வழியையும் காட்டினோம். அறிவித்தற் பலகைக்கு ஒட்டும் தக்கைத் தாள் புத்தகக் கடைகளிலே கிடைக்கும். மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பானதை வாங்கி, கவராயத்தால் 29 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் கீறிக்கொள்ளவேண்டும். இவ்வளவில் வெட்டினால் தட்டின் உயர்ந்த வெளி விளிம்பு விரிப்பின் ஓரத்துக்கு அப்பாலே தொங்கி நிற்கும். நடுவிலே 10 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு, பெயர்த்தாட் பகுதி அமிழும்படி, தாளின் பாதித் தடிப்பைக் கூரிய அலகாற் சீவி எடுத்தல் நன்று. அது கைவராதெனின் அப்பகுதியை முற்றாகவே வெட்டி எடுத்துவிடலாம். அச்சாணித் துளை ஏழு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெட்டி முடிந்ததும் இருபக்கமும் ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுவதும் பாரமான புத்தகத்தின் கீழே வைத்தல் அவசியம். வெட்டிய ஓரத்திலே உதிரும் துகள் அதற்குள் உதிர்ந்துவிடும்.

சென்ற கிழமை அவன் மறுபடியும் வந்தான். முதலாவது வட்டத்திலே துளை மையத்தினின்றும் விலகிப் போய்விட்டதாம். இரண்டாவது சரியாக வந்தது. பாட்டனாரின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி உலர்த்தி வருகின்றான். ஆந்தையை அறைச் சுவரிலே மாட்டியிருக்கின்றான். தாளிலே இன்னுமொரு வட்டத்துக்கு இடம் எஞ்சியிருந்தபடியால், அதனையும் வெட்டி, பழைய புதினத்தாளிலே சுற்றி எமக்கென்று கொண்டுவந்து தந்தான். எமது சுழல்தட்டின்மேல் இப்பொழுது கிடப்பது அதுவே.